கடைசி இரண்டு கிழமையும் வெறும் தண்ணி

இரும் பிள்ளை, இரும். என்ர பையை நான் மடியில வைக்கிறன். தமிழ்தானே? முகத்தைப் பாக்கவே தெரியுது. அதோட உம்மட பைக்குள்ளால முருங்கைக்காய் எட்டிப் பாக்குது. ஸ்காபரோவில, இந்தப் பனிக்குள்ள, முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுறது வேற ஆர்?

மெல்ல இரும். என்ர இடது முழங்காலில முட்டாமல். பஸ் குலுங்கினால் உயிர் போகுது. போன மாரியில இப்பிடி இல்லை, கண்டீரோ. போன மாரியில கோயில் வீதியை மூண்டு தரம் சுத்தி வந்தனான், பிடிக்க ஆள் இல்லாமல். இந்த வருசம் திரும்பப் பிடிச்சிட்டுது. எல்லாம் இந்த நாட்டுக் குளிர்.

எங்கை போறன் எண்டோ? மிட்லண்ட் றோட்டில வயசுபோன ஆக்களுக்கு வீடு குடுக்கிற கந்தோர் ஒண்டு இருக்காம். பேர் பதியப் போறன். ஓம், தனிய. மகள் இருக்கிறாள், இல்லையெண்டு சொல்லேல்லை. சுகிர்தா எண்டு ஒரே பிள்ளை. என்ர மனிசி செத்த பிறகு என்னைக் கூப்பிட்டு நாலு வருசமாச் சோறு போட்டவள் அவள்தான். ஆனால் வீடு மருமோன்ர. மருமோன் என்னோட கதைக்கிறேல்லை. இண்டையோட ஐம்பத்து மூண்டு நாள். நான் எண்ணிக்கொண்டு இருக்கேல்லை, கலண்டரில கோடு கீறினனான்.

நான் செய்த குற்றம் என்ன தெரியுமோ? பட்டினி கிடந்த ஒரு பயிருக்குச் சாப்பாடு போட்டனான். அவ்வளவுதான்.

என்ன பயிர் எண்டு மாத்திரம் கேக்காதையும்.

சரி, கேட்டிட்டீர். கிட்ட வாரும், முன்னுக்கு இருக்கிற மனிசியும் எங்கட ஆள் மாதிரிக் கிடக்கு. கஞ்சா.

பாத்தீரோ, வாயைப் பொத்துறீர். நானும் அப்பிடித்தான் பொத்தினனான். இந்த அரசாங்கம் வீட்டுக்கு நாலு செடி, நாலு கண்டு, வைக்கலாம் எண்டு விட்டிருக்குதாம். ஐஞ்சாவது வச்சால்தான் குற்றம். நாலோட நிண்டால் மரியாதையான குடும்பம்.

மருமோன் பேர் மயூரதன். லிஃப்ட் திருத்துற வேலை. விடிய ஐஞ்சு மணிக்கு வெளிக்கிட்டால் பொழுதுபட வருவார். அமைதியான ஆள், ஒரு சொல்லுக்கு இரண்டாம் சொல் இல்லை. அப்பிடியான ஆக்களைத்தான் நம்பக் கூடாது. போன வருசம் வைகாசியில, நாலு கறுத்தச் சாடியோட வீட்டுப் பின்பக்கம் போய், பிள்ளைக்குத் தொட்டில் கட்டுற மாதிரி நிழல் பாத்து, வெயில் பாத்து வச்சார். என்ன தம்பி உது எண்டு கேட்டன். "மருந்துச் செடி மாமா" எண்டார். எனக்கோ காது குத்துறது? அந்தப் பல்லுப் பல்லான இலையை நான் தெரியாதவனோ?

நாலு வருசம் ஒரே வீட்டில இருந்திருக்கிறன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் அதைக் குடிச்சு நான் கண்டதில்லை. உடுப்பில மணமில்லை, கண் சிவக்கேல்லை, சிரிப்பும் இல்லை. பாரும், எவ்வளவு கெட்டிக்காரக் கள்ளன்! வேற ஆளெண்டால் ஒரு கிழமையில பிடிச்சிருப்பன்.

என்ர மானம் என்ன ஆகுறது? என்ர பேர் தில்லையம்பலம். ஊரில நீர்வேலிப் பக்கம் போய்ப் பொயிலைத் தில்லையர் எண்டு கேட்டுப்பாரும், வயசுபோன ஆக்கள் இருந்தால் எழும்பி நிண்டு சொல்லுவினம். நாப்பது வருசம் செம்மண்ணில பொயிலை போட்டவன். என்ர இலையில சுத்தின சுருட்டு ஒண்டு பத்தினால், குடிக்கிறவன் மனிசியோட சண்டை பிடிச்சு முடியுமட்டும் நூராமல் எரியும். அது தொழில், கௌரவமான தொழில். சனத்தைப் பழுதாக்கிற இந்தக் கஞ்சாவும் அதுவும் ஒண்டோ? என்ன சிரிக்கிறீர்? பொயிலை வேற, பிள்ளை.

ஒரு கதை சொல்லுறன். என்ர தங்கச்சிக்குப் பக்கத்து ஊரில இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெடியன் நல்லவன், கச்சேரிக் கந்தோரில அரசாங்க வேலை. பெடியன்ர தகப்பன் தன்ர தோட்டத்துச் சுருட்டெண்டு சொல்லி ஒண்டு நீட்டினார். பத்தினன், நூந்திட்டுது. திரும்பப் பத்தினன், திரும்ப நூந்திட்டுது. ஐஞ்சு தரம். அதோட நாக்கில ஒரு உப்புக் கரிப்பு. "அண்ணை, வெட்டுறதுக்குக் கிட்டவாப் பிண்ணாக்குத் தண்ணி விட்டனீங்களோ?" எண்டு கேட்டன். மனிசன் பெருமையா, "ஓம் ஓம், இலை வடிவாத் தடிக்கட்டும் எண்டு" எண்டார். தேத்தண்ணியைக் குடியாமல் எழும்பி வந்திட்டன். கடைசி நேரத்தில பயிரின்ர வயித்தைக் காய விடாமல் பசளை தீத்துறவன்ர வீட்டில பிள்ளை குடுக்கேலுமோ? வெட்டுறதுக்கு முதல் பயிர் தன்ர உடம்பில இருக்கிறதைத் தானே திண்டு முடிக்க வேணும். அப்பதான் இலை பழுக்கும், நிறம் வரும், நெருப்புப் பிடிக்கும். இது தெரியாதவன் தோட்டக்காரனோ? தங்கச்சி மூண்டு மாசம் என்னோட கதைக்கேல்லை. அது வேற கதை.

எங்க விட்டனான்? ஆ, சாடி. முதல் வருசம் நான் அந்தப் பக்கம் திரும்பியும் பாக்கேல்லை. இந்த வருசமும் பாக்கிறேல்லை எண்டுதான் இருந்தனான். ஆனால் பக்கத்து வீடு கனகலிங்கம் மாஸ்டர்ர வீடு. ஊர்ச் சங்கத்துக்குச் செயலாளர், கோயில் சபையிலயும் ஆள். அவற்ற மேல்மாடி யன்னல் எங்கட பின்பக்கக் கோடிக்குள்ளதான் பாத்துக்கொண்டு நிக்கும், அவரும் அப்பிடித்தான். அவற்ற கண்ணில படக் கூடாதெண்டு நான் கம்பு நட்டு, கயிறு கட்டி, பயித்தங்கொடி படர விட்டன். மறைப்புக்கு. கொடிக்குத் தண்ணி விடப் போற இடத்தில சாடிக்கும் ஒரு குவளை விட்டன், கை நீளம்தானே. பக்கத்தால வந்த வேண்டாத குருத்துகளைக் கிள்ளினன், பொயிலைக்குக் கிள்ளின விரல் சும்மா இருக்குமோ? ஒரு கண்டு காத்துக்குச் சாஞ்சது, முண்டு குடுத்தன். அவ்வளவுதான். மற்றபடி நான் அதைத் தொடவே இல்லை.

மருமோன் சாப்பாடு குடுக்கிற வடிவைப் பாக்க வேணும் நீர். மூண்டு போத்தல். ஒண்டில நீலத் தண்ணி, ஒண்டில றோஸ் தண்ணி, மற்றது தேத்தண்ணி நிறம். ஊசி இல்லாத ஊசிக் குழாயால உறிஞ்சி, கண்ணுக்கு நேர பிடிச்சு, ஒரு துளி கூடிப்போச்செண்டு திரும்ப விடுவார். பேந்து ஒரு கடதாசித் துண்டைத் தண்ணிக்குள்ள தோய்ச்சு நிறம் பாப்பார். காய்ச்சல்காரப் பிள்ளைக்குக்கூட ஒருத்தரும் இப்பிடி மருந்து குடுத்ததில்லை. நான் கதிரையில இருந்து பாத்துச் சிரிச்சன். எண்டாலும் கண்டுகள் வந்தது, பிள்ளை. ஆவணியில ஆளுயரம். பூ கட்டினது பாரும், சொல்லக் கூடாது, சாமிக்குக் கட்டின கதம்பம் மாதிரி. அரைவாசி என்ர முண்டு, என்ர கிள்ளல்.

பிறகு புரட்டாதியில ஒரு சனிக்கிழமை. நீலப் போத்தல், றோஸ் போத்தல் எல்லாத்தையும் மூடி மேல் தட்டில வச்சிட்டார். தண்ணிக் குழாயை இழுத்து வந்து சாடிக்குள்ள விட்டார், விட்டார், விட்டுக்கொண்டே நிண்டார். சாடியின்ர அடி ஓட்டையால முதல் மண்ணிறமா வந்து, பேந்து மஞ்சளா வந்து, கடைசியாக் கிணத்துத் தண்ணி மாதிரித் தெளிஞ்சு ஓடுமட்டும் விட்டார். போட்ட பசளை எல்லாம் என்ர கண்ணுக்கு முன்னால புல்லுக்குள்ள ஓடுது. தம்பி, என்ன இது எண்டு கேட்டன்.

"இனி வெட்டுமட்டும் ஒண்டும் குடுக்கிறேல்லை மாமா. கடைசி இரண்டு கிழமையும் வெறும் தண்ணி."

"பட்டினியோ?"

"உள்ளுக்க கிடக்கிற உப்பெல்லாம் கழுவுப்பட வேணும் மாமா. அப்பதான் சுத்தமா வரும்."

சொல்லிப்போட்டுப் போயிட்டார். நாலாம் நாள் அடி இலை மஞ்சளிச்சுது. ஆறாம் நாள் நடு இலை. எண்டாலும் பேசாமல் இருந்தன். என்ர பயிரோ? பேசாமல்தான் இருந்திருப்பன், அந்த மாஸ்டர் இல்லாட்டி.

மாஸ்டர் வேலிக்கு மேலால தலையை நீட்டினார். பயித்தங்கொடி காஞ்சு மறைப்பு விலகிப்போச்சு. அதுக்கு முதல் மாசம்தான் சங்கத்துக் கூட்டத்தில ஒலிவாங்கியைப் பிடிச்சுக்கொண்டு, எங்கட பண்பாடு புகையாப் போகுது எண்டு அரை மணித்தியாலம் கதைச்ச மனிசன். நான் என்ர மானம் போச்செண்டு நினைச்சன். அவரோ, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கொண்டு கேக்கிறார்:

"என்ன தில்லையர், உங்கட கண்டெல்லாம் மஞ்சள் காமாலை பிடிச்ச மாதிரி நிக்குது? நீர்வேலிக் கை எண்டினம். கை ராசி கடல் தாண்டேல்லைப் போல."

கேட்டீரோ! கஞ்சா வச்சிருக்கிறாய் எண்டு பேசியிருந்தால் தலையைக் குனிஞ்சு நிண்டிருப்பன். என்ர கையை எல்லோ சொன்னவர்! நாப்பது வருசத்துக் கை. அண்டைக்கு இராச்சாப்பாடு எனக்கு இறங்கேல்லை.

அடுத்த நாள் சுகிர்தா மீன் வெட்டினாள். தலை, நடுமுள்ளு, செதிள், குடல், கழுவின தண்ணி எல்லாத்தையும் ஒரு வாளிக்குள்ள அள்ளினன். கொஞ்சம் சக்கரை போட்டு மூடி, கொட்டிலுக்குப் பின்னால வச்சன். இரண்டு நாளில பொங்கி நுரைச்சுது. அப்பிடியே விட்டாலும் பரவாயில்லை, கை வந்த வேலையெல்லோ, இறால் கோதையும் இடிச்சுப் போட்டன். மருமோன் வேலைக்குப் போன பிறகு விடிய ஆறு மணிக்கு, சாடிக்கு ஒரு சிரட்டை. பின்னேரம் அவர் வந்து தன்ர வெறும் தண்ணியை விடுவார். விடட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணி குடிக்கிறது நல்லதுதானே.

மணம் வந்ததுதான். இல்லையெண்டு சொல்லேல்லை. இரண்டு ரக்கூன் வந்து வாளியைச் சுத்தி நிண்டது, கண்ணுக்கு மை பூசினாப் போல, சாவீட்டுப் பந்திக்கு வந்த ஆக்கள் மாதிரி. சுகிர்தா மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, என்ன இது நாத்தம்?" எண்டாள். ரக்கூன் ஏதோ செத்துக் கிடக்குது எண்டன். உயிரோட நிண்ட இரண்டும் என்னையே பாத்துது.

ஆனால் கண்டு பாரும்! நாலு நாள்தான். மஞ்சள் நிண்டுது, பச்சை ஏறிச்சுது, கரும்பச்சை. மாஸ்டர் திரும்ப எட்டிப் பாத்தார். "இதல்லோ கை!" எண்டார். பேந்து குரலைத் தணிச்சு, "தில்லையர், வெட்டேக்க ஒரு பிடி... எனக்கில்லை, மனிசிக்கு நித்திரை வருதில்லை" எண்டார். பண்பாட்டுக்கு நித்திரை வந்திட்டுது, மனிசிக்குத்தான் வரேல்லை.

வெட்டுற நாள் வந்துது. மருமோன் லீவு போட்டவர். கண்டுகளைப் பாத்தார், இலையைப் பிடிச்சுத் திருப்பினார், நெத்தி சுருங்கிச்சுது. "மஞ்சளிக்கவே இல்லையே" எண்டு தனக்குள்ள சொன்னார். நான் கதிரையில நிமிந்து இருந்தன், பாராட்டு வரப்போகுது எண்டு. ஒரு கண்டை வெட்டிப்போட்டுச் சாடியைக் கவிட்டார். மண்ணோட மண்ணா ஒரு மீன் முள்ளு வந்து விழுந்துது. முழு முள்ளு, தலையில இருந்து வால்மட்டும். அதைக் கையில எடுத்து வச்சுக்கொண்டு என்னைப் பாத்தார், பிள்ளை. ஏசேல்லை. ஏசியிருந்தால் நானும் இரண்டு சொல் சொல்லியிருப்பன்.

"மாமா, கடைசி இரண்டு கிழமையும் வெறும் தண்ணி எண்டு சொன்னனான்தானே" எண்டார்.

அதுதான் கடைசி. ஐம்பத்து மூண்டு நாள்.

வெட்டினதை நிலவறையில தலைகீழாக் கட்டிக் காய விட்டார். காஞ்சதைக் கண்ணாடிப் போத்தலில அடைச்சு வச்சார். கதைக்கிறதில்லை, ஆனால் சாப்பாட்டு மேசையில என்ர பக்கம் தண்ணிக் கிளாசைத் தள்ளி வைப்பார். நானும் கதைக்கேல்லை. எனக்கென்ன? முழங்கால் வேற நோகத் தொடங்கிச்சுது. மகள் ஒரு எண்ணெய் பூசி விடுறவள், போன தையில இருந்து. சின்னக் கறுத்தப் போத்தல், மூடியில துளி விடுற குழாய். ஒட்டுத்தாள், பேர், விலாசம் ஒண்டும் இல்லை. ஆரோ தெரிஞ்ச ஆளிட்டை எடுக்கிற ஆயுள்வேத எண்ணெய் எண்டவள். அது பூசித்தான் நான் கோயில் வீதி சுத்தினது. ஆவணியோட முடிஞ்சு போச்சு. "புதுசு வரக் கார்த்திகையாகும் அப்பா, பொறுங்கோ" எண்டாள். ஆயுள்வேதம் எண்டால் அப்பிடித்தான், கெதியில வராது.

போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குப் பொறுமை கெட்டது. மத்தியானம் கட்டிலில படுத்திருக்கிறன், நிலவறையில இருந்து ஒரு மணம் ஏறி வருது. கருவாடு! நல்ல தேங்காயெண்ணெயில வதங்குற கருவாடு. எத்தினை மாசம், பிள்ளை, கருவாடு கண்டு. டொக்டர் உப்பு வேண்டாமெண்டு மறிச்சதில இருந்து இல்லை. சரி, மருமோன் சமாதானத்துக்குக் கருவாட்டுக் குழம்பு வைக்கிறார் எண்டு நினைச்சன். நானும் மனம் இளகி, ஒரு தட்டில சோத்தைப் போட்டுக்கொண்டு, முழங்காலைப் பிடிச்சுப் பிடிச்சுப் படி இறங்கினன். கதவைத் திறந்தால் இரண்டு பேரும் ஒரு மின்சார அடுப்புக்கு முன்னால நிக்கினம். சட்டிக்குள்ள பச்சையா ஏதோ கொதிக்குது. மயூரதன் துணியால வடிக்கிறார். சோத்துத் தட்டோட நான்.

எனக்கு விளங்கீட்டுது. லேகியம் கிண்டுகினம்! விக்கிறதுக்கு! என்ர மகள், நான் பொயிலை வித்துப் படிப்பிச்ச பிள்ளை! வந்த வாய்க்கெல்லாம் ஏசினன். அவள் அழத் தொடங்கிட்டாள். "ஒரு வருசத்துப் பாடு அப்பா. மணத்தையாவது எடுக்கலாமோ எண்டு பாக்கிறார். இதெல்லாம் ஆருக்கெண்டு நினைக்கிறியள்?" எண்டாள். மருமோன் அவளின்ர தோளைத் தொட்டு, வேண்டாமெண்டு தலையாட்டினார். பாத்தீரோ, வாடிக்கைக்காரன்ர பேரைச் சொல்ல விடுறாரில்லை!

அண்டைக்கு முடிவெடுத்தன். இண்டைக்கு இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு இரண்டு வேட்டியையும் மனிசியின்ர படத்தையும் பைக்குள்ள வச்சு வெளிக்கிட்டன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சப்பாத்தைப் போடுவமெண்டு காலை விட்டால் உள்ளுக்க ஏதோ கட்டியாத் தடக்குது. எடுத்துப் பாத்தால், புது எண்ணெய்ப் போத்தல். ஒரு துண்டு சுத்தியிருக்கு. எழுத்தைப் பாரும், கோழி கிளறின மாதிரி. சின்ன வயசில வந்த பெடியன், தமிழ் எழுத்து அப்பிடித்தான். "மாமா முழங்காலுக்கு. குளிருக்குள்ள பூசாமல் வெளிக்கிடாதேங்கோ." வாயால கதைக்கேலாதாம், சப்பாத்துக்குள்ள கடிதம் போடுவாராம்.

இன்னும் திறக்கேல்லை. ரோசம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ? ஆனால் இறங்குற இடத்தில பனி. இந்தக் காலோட எப்பிடி இறங்குறது? கொஞ்சம் பூசுறன், பிள்ளை. காலை இப்பிடித் தள்ளி வையும். மூடி இறுக்கமா இருக்கு. நீர் திறவும்.

என்ன, மூக்கைச் சுழிக்கிறீர்? பழைய எண்ணெய் நல்ல பச்சைப் புல்லு மணமா இருந்துதே. இஞ்சை தாரும். சுகிர்தா ஆரோ கள்ள வியாபாரியிட்டை ஏமாந்திட்டாள் போல. இது... இது என்ன, கருவாட்டு...

...

பொறும்.

முன்னுக்கு இருக்கிற மனிசியும் திரும்பிப் பாக்குது. பாக்கட்டும்.

பிள்ளை, நீர் ஒண்டும் சொல்லாதையும். உமக்கு முதலே விளங்கீட்டுதோ? எப்ப விளங்கினது? கறுத்தப் போத்தல் எண்டேக்கையோ? ஏன் நீர் சொல்லேல்லை? சரி, நான் சொல்ல விடேல்லைத்தான்.

நாலு வருசத்தில ஒரு நாள்கூட அந்தப் பெடியன் குடிச்சு நான் காணேல்லை.

பூசுங்கோ எண்டு எழுதியிருக்குது. பூசுறன். ம். சூடு ஏறுது. வேலை செய்யுது, மணம் எப்பிடி இருந்தால் என்ன? இறால் கோது கொஞ்சம் கூடிப்போச்சு, அவ்வளவுதான்.

பஸ் ஓட்டுறவர் என்ன சொல்லுறார், மிட்லண்டோ? சொல்லட்டும். இந்தப் பனிக்குள்ள கந்தோர் பூட்டியிருக்கும். இல்லை, எனக்குத் தெரியும், பூட்டித்தான் இருக்கும். மற்றப் பக்கம் போற பஸ் எந்தக் கரையில நிக்கும்? ஓம், அடுத்த தரிப்பில இறங்குவம், அங்க கூரை இருக்கு.

பாரும், வைகாசியில திரும்பக் கண்டு வைக்க வேணும். அந்தப் பெடியனுக்கு முண்டு குடுக்கத் தெரியாது, குருத்துக் கிள்ளத் தெரியாது. ஒரு ஆள் கிட்ட நிக்க வேணுமெல்லோ? கடைசி இரண்டு கிழமையை மட்டும் அவரே பாக்கட்டும். நான் அந்த இரண்டு கிழமையும் வீட்டுக்குள்ள இருந்து தொலைக்காட்சி பாக்கிறன். மாஸ்டர் வேலிக்கு மேலால என்ன வேணுமெண்டாலும் சொல்லட்டும். கை என்ன, தலையையும் சொல்லட்டும்.

தரிப்பு வந்திட்டுது. கொஞ்சம் கையைக் குடும். ஆ, நிக்கிறன், நிக்கிறன்.

பிள்ளை, ஒண்டு கேட்டால் குறை நினைக்காதையும். உந்த முருங்கைக்காயில இரண்டு தருவீரோ? மருமோனுக்கு முருங்கைக்காய்க் குழம்பெண்டால் உயிர். வேலையால வந்து சப்பாத்து ஈரத்தைக் கண்டால் எங்கை போனனீங்கள் எண்டு கேப்பினம். கையில முருங்கைக்காய் இருந்தால், கடைக்குப் போட்டு வந்தனான் எண்டு சொல்லலாம்.